கீமோ முடிந்தும் தலை தெளியவில்லை: இது நிஜமா, எவ்வளவு காலம் இருக்கும்?

நூல்முனை:
மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடித்து இப்போது ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறேன். உடம்பு தேறிவிட்டது, முடி வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "பழையபடி ஆகிவிட்டாய்" என்கிறார்கள். தலைக்குள் மட்டும் பழையபடி இல்லை.

என் வேலை மெய்ப்புத் திருத்தம். ஒரு பக்கத்தை வாசிக்கும்போதே, இதே பெயர் முந்தின அத்தியாயத்தில் வேறு மாதிரி வந்ததே என்று மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டிய தொழில். இப்போது பத்தியின் கடைசிக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடுகிறது. பேசும்போது மிகச் சாதாரணச் சொல் கூட வராமல் "அதான், அந்த... கதவைத் திறப்போமே, அது" என்று கையை ஆட்டுகிறேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொன்னதும் பதிவதில்லை.

மருத்துவரிடம் சொன்னேன். "வயசும் கவலையும்தான், சரியாகிவிடும்" என்றார். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். இது நிஜமாகவே இருக்கிற ஒன்றா? இருந்தால் எவ்வளவு காலம் இருக்கும்?

இரவுப்பணி:
எனக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி கூட எனக்கு அந்நியமாக இல்லை அக்கா. நிரல் எழுதுகிற வேலை. செய்ய முடியாமல் போகவில்லை. முன்பு மதியத்துக்குள் முடிந்தது இப்போது பொழுது சாய்கிறவரை இழுக்கிறது, முடித்ததும் ஆள் காலி. யாரிடம் சொன்னாலும் "எனக்கும்தான் எல்லாம் மறந்துபோகிறது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைக் கேட்டாலே எரிச்சல்.

ஆய்வகஎலி:
நரம்பியல் ஆய்வில் இருக்கிறேன், மருத்துவர் அல்ல. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

நூல்முனை, முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நிஜம். நோயாளிகள் பல வருடமாக "கீமோ பிரெயின்" என்று சொல்லிவந்ததை ஆய்வாளர்கள் தாமதமாகத்தான் காதில் வாங்கினார்கள். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 581 பெண்களையும், அதே வயதில் நோய் இல்லாத 364 பெண்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017ல் வெளியானது. கீமோவுக்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட்டால், கீமோ முடிந்த கையோடு கேட்டபோது 45.2 சதவீதம் பேர் தங்கள் நினைவும் கவனமும் குறிப்பிடத்தக்க அளவு சரிந்ததாகச் சொன்னார்கள். நோயில்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 10.4 சதவீதம். ஆறு மாதம் கழித்தும் 36.5க்கு 13.6. "எல்லோருக்கும்தான் மறக்கிறது" என்கிறவர்களுக்கு அந்த இடைவெளியைக் காட்டலாம்.

இரண்டாவது கேள்விக்கு இப்படி ஒற்றைப் பதில் கிடையாது. பெரும்பாலானோருக்கு முதல் ஒரு வருடத்தில் மெல்ல மெல்லத் தெளிகிறது. மூளை ஸ்கேன் ஆய்வுகளும் அதோடு ஒத்துப்போகின்றன: கீமோ முடிந்து ஒரு மாதத்தில் முன்மூளை உள்ளிட்ட சில பகுதிகளில், நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி குறைந்திருந்தது, ஒரு வருடத்தில் ஒரு பகுதி மீண்டிருந்தது. முழுவதும் அல்ல, ஒரு பகுதி. சிலருக்கு நீடிக்கவும் செய்கிறது. நெதர்லாந்தில், சி.எம்.எஃப். என்ற பழைய கீமோ கூட்டுமருந்து எடுத்து சராசரியாக 20 வருடத்துக்கு மேல் கடந்த 196 பெண்களைச் சோதித்தார்கள் (2012ல் வெளிவந்தது). சொற்களை நினைவில் நிறுத்துவதிலும் சிந்தனை வேகத்திலும், நோயே வராத பெண்களை விடக் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். அந்தக் "கொஞ்சம்" முக்கியம். பயந்துவிடாதீர்கள், அன்றாட வாழ்க்கை முடங்குகிற அளவு அல்ல.

கடைசிபெஞ்ச்:
மன்னிக்கவும், மாற்றுக் கருத்து. புற்றுநோய் என்று கேட்ட நாளிலிருந்து ஒருவர் தூங்கியிருக்க மாட்டார். பயம், பணக்கவலை, வலி மருந்து, மாதவிடாய் திடீரென்று நிற்பது என்று எல்லாம் சேர்ந்து வருகிறது. இவ்வளவையும் சுமப்பவருக்குச் சொல் மறந்தால் அதற்கு ஏன் கீமோவைக் குற்றம் சொல்ல வேண்டும்? நீங்கள் சொன்ன 45 சதவீதமும் அவர்களாகவே சொன்னதுதானே, சோதித்து அளந்ததில்லையே.

ஆய்வகஎலி:
கடைசிபெஞ்ச், கேள்வி நியாயமானது. உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கிற ஒன்றை நானே தருகிறேன்: கீமோ தொடங்கும் முன்பே சோதித்தால் கூட நோயாளிகளில் 30 சதவீதம் வரை எதிர்பார்த்ததை விடக் குறைவாகச் செய்கிறார்கள் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, பதற்றம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. புற்றுநோய்க் கட்டியே உடம்பில் அழற்சியை உண்டாக்குகிறது, அதற்கும் பங்குண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் இப்போது "கீமோவால் வந்தது" என்று சொல்வதைத் தவிர்த்து, "புற்றுநோயோடு தொடர்புடைய அறிவாற்றல் குறைபாடு" என்று நீட்டி முழக்குகிறார்கள்.

ஆனால் "மனசுதான் காரணம்" என்று அங்கேயே நிறுத்த முடியாது. எலிகளுக்குப் பணக்கவலை கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் குழு இளம் எலிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தைக் கொடுத்துப் பார்த்தது (2018 இறுதியில் வெளிவந்தது). மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா அந்த மருந்தால் கிளர்ந்தெழுந்து, பிறகு அடங்காமலே இருந்தன. நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கிற, பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களையும் அவை கெடுத்தன. விளைவாக, நரம்பிழைகளைச் சுற்றி மையலின் உறை போடுகிற செல்கள் உருவாகும் முன்னோடிச் செல்கள் குறைந்தன, உறை மெலிந்தது. உறை மெலிந்தால் செய்தி மெதுவாகத்தான் போகும். "தெரியும், ஆனால் வரமாட்டேன் என்கிறது" என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாமதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. மைக்ரோக்ளியாவை மருந்தால் அகற்றியபோது எலிகளின் நினைவுத்திறன் மீண்டது. மனிதர்களுக்கு அதைச் செய்ய முடியாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிகிறது.

இன்னொரு விசித்திரம். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து மூளைக்குள் பெரிதாக நுழைவதே இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு அதை வெளியே நிறுத்திவிடுகிறது. இருந்தும் அந்த மருந்து உடம்பில் கிளப்புகிற டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் உள்ளே போய்விடுகிறது. திருடன் வாசலிலேயே நிற்கிறான், அவன் அனுப்பிய ஆள் உள்ளே வந்துவிடுகிறான்.

கடைசிபெஞ்ச்:
எலி விஷயம் தெரியாது, படிக்கிறேன். ஆனாலும் என் கவலை வேறு. எல்லாவற்றையும் "கீமோ" என்று முத்திரை குத்திவிட்டால், சரிசெய்யக்கூடிய காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

பழைய_செவிலி:
கடைசிபெஞ்ச் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எழுத வந்தேன். புற்றுநோய் வார்டில் பணி செய்து ஓய்வு பெற்றவள்.

நூல்முனை, உங்கள் மருத்துவர் "சரியாகிவிடும்" என்று சொன்னதை விட, பரிசோதிக்காமல் சொன்னதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு, தைராய்டு பார்த்தாயிற்றா, பி12 எப்படி, சோடியம் எப்படி. கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர்களுக்கும் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) எடுத்தவர்களுக்கும் தைராய்டு சத்தமில்லாமல் படுத்துவிடும். அப்போது வருகிற மந்தமும் மறதியும் அச்சுஅசல் கீமோ மந்தம் போலவே இருக்கும். ஒரு மாத்திரையில் சரியாகிற விஷயத்தை "கீமோ, என்ன செய்ய" என்று வருடக்கணக்கில் சுமப்பது அநியாயம்.

பிறகு மருந்துப் பட்டியல். வாந்தி வராமல் இருக்கவும் ஒவ்வாமை வராமல் இருக்கவும் கொடுத்த டெக்ஸாமெத்தாசோன் ராத்தூக்கத்தைப் பிடுங்கும், மனநிலையைக் குலைக்கும். தூக்கத்துக்கென்று ஆரம்பித்த லோராஸெபாம் போன்ற மாத்திரையைச் சிலர் கீமோ முடிந்தும் நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருப்பார்கள். மறதிக்கு அதுவே போதும். ஆனால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அரிப்புக்கும் சளிக்கும் கடையில் தருகிற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் அப்படித்தான், தலையை மூடிவிடும்.

இது மெல்ல வருகிற மறதியைப் பற்றி. திடீரென்று வருவது வேறு கதை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இடம் தெரியாமல் பேசினால், வாய் குழறினால், ஒரு பக்கம் பலவீனமானால், காய்ச்சலோடு உளறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இஃபாஸ்ஃபமைட் என்ற மருந்து ஏறும்போதே சிலருக்குக் குழப்பம் வரும். வார்டில் அதற்கு மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து தயாராக வைத்திருப்போம். கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைப்பது) எடுப்பவர்களைத் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வோம், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் கழித்து எண்ணச் சொல்வோம். பேச்சு தெளிவாக இருக்கும்போதே கையெழுத்து கோணிப்போகும். அதைப் பார்த்ததும் மருத்துவரைக் கூப்பிடுவோம். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும், ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

நூல்முனை:
நன்றி அம்மா. தைராய்டு பார்க்கவில்லை, எழுதி வைத்துக்கொண்டேன். ஹார்மோன் மாத்திரையும் காரணமாக இருக்குமா? டமாக்சிஃபென் போடுகிறேன்.

ஆய்வகஎலி:
இருக்கலாம். டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வேலையில் தலையிடுகிறது, அந்த ஹார்மோனுக்கு மூளையிலும் வேலை உண்டு. 2010ல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், கீமோ எடுக்காமல் ஒரு வருடம் டமாக்சிஃபென் மட்டும் எடுத்த பெண்கள் சொல் நினைவிலும் திட்டமிட்டுச் செய்யும் திறனிலும் பின்தங்கினார்கள். எக்ஸ்மெஸ்டேன் என்ற வேறு வகை ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பாமல் காக்கிறது அது. மாற்று உண்டா என்று மருத்துவரிடம் பேசலாம். மாதவிடாய் நின்றுவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து எது பொருந்தும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

மழைக்காலம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், இப்போது மூளையில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது. முழு மூளைக்கும் ரேடியேஷன் என்று பேச்சு வந்திருக்கிறது. அதன் பிறகு அம்மா எங்களை அடையாளம் தெரிந்துகொள்வாரா என்பதுதான் வீட்டில் எல்லோருடைய பயமும். அம்மாவிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.

பழைய_செவிலி:
முதலில் அம்மாவிடம் கேளுங்கள் கண்ணு. முடிவு அவருடையது.

ஆய்வகஎலி:
மழைக்காலம், அடையாளம் தெரியாமல் போவது வழக்கமாக நடப்பதல்ல. புதிதாகக் கேட்டதை மனத்தில் நிறுத்துவதும், சட்டென்று சொல் எடுப்பதும்தான் முதலில் குறையும்.

கதிரியக்க மருத்துவரிடம் மூன்று விஷயம் கேட்கலாம். ஒன்று, கட்டிகளை மட்டும் குறிவைக்கிற ஸ்டீரியோடாக்டிக் ரேடியேஷன் முடியுமா. ஒன்று முதல் மூன்று கட்டி வரை இருந்த 213 பேரிடம் செய்த ஆய்வு 2016ல் வந்தது. குறிவைத்த சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் மூன்று மாதத்தில் அறிவாற்றல் சரிந்தவர்கள் 63.5 சதவீதம், அதோடு முழு மூளை ரேடியேஷனும் சேர்த்து எடுத்தவர்களில் 91.7 சதவீதம். ஆயுளில் கணிசமான வித்தியாசம் இல்லை. ஆனால் முழு மூளைக்கும் கொடுத்தவர்களுக்கு மூளையில் புதுக் கட்டி வருவது குறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். குறிவைத்த வழியில் போனால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு, முழு மூளைக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நினைவுக்கு அடித்தளமான ஹிப்போகாம்பஸை விலக்கிக் கொடுக்க முடியுமா. 518 பேரிடம் செய்து 2020ல் வந்த ஆய்வில், விலக்கிக் கொடுத்தபோது அறிவாற்றல் சரிவதற்கான அபாயம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. கட்டி அந்தப் பகுதியை ஒட்டி இருந்தால் இது முடியாது. மூன்று, மெமான்டைன் மாத்திரை. அல்சைமர் நோய்க்குக் கொடுப்பது, ரேடியேஷனோடு சேர்த்துத் தொடங்கினால் சரிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது.

கட்டி எங்கே இருக்கிறது, மற்றபடி அம்மாவின் உடல்நிலை எப்படி என்பதை வைத்து இவை எதுவுமே பொருந்தாமலும் போகலாம்.

மழைக்காலம்:
மூன்றையும் அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். நன்றி.

சின்னவன்_அம்மா:
குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. முதுகுத் தண்டு வழியாக மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறார்கள். மேலே எலிகளுக்குக் கொடுத்ததாகப் படித்த அதே பெயரைப் பார்த்ததும் கை உதறுகிறது.

ஆய்வகஎலி:
அம்மா, பதறாதீர்கள். அந்த மருந்து இல்லாவிட்டால் நோய் மூளை உறைகளுக்குள் ஒளிந்துகொண்டு திரும்பி வரும். ஒரு காலத்தில் அதைத் தடுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் தலைக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். பிழைத்த குழந்தைகள் படிப்பில் மிகவும் சிரமப்பட்டார்கள், சின்ன வயதில் எடுத்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். அந்த ரேடியேஷனைத் தவிர்க்கத்தான் முதுகு வழியே மருந்து கொடுக்கும் முறை வலுப்பெற்றது. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை ஒரு குழந்தைக்குக் கூடத் தடுப்பு ரேடியேஷன் கொடுக்காமல் 498 பேருக்குச் சிகிச்சை அளித்து 2009ல் முடிவை வெளியிட்டது. ஐந்து வருடத்தில் 93.5 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். உங்கள் மகனுக்குக் கிடைப்பது மூளைக்கு இதமான வழிதான்.

அதற்காக ஒன்றுமே வராது என்றும் சொல்ல மாட்டேன். சில குழந்தைகளுக்குக் கவனம் நிற்பதும் வேகமும் குறையலாம், பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, கணக்கிலும் நேரம் வைத்து எழுதும் தேர்விலும் தெரியும்.

பழைய_செவிலி:
ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிறகு சொன்னால் எடுபடாது. தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள், முன்வரிசையில் இடம் கேளுங்கள்.

நூல்முனை:
திரும்ப வந்திருக்கிறேன். வேறொரு மருத்துவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தைராய்டும் சரி. அங்கேயே ஒருவர் சின்னதாக ஒரு நினைவுச் சோதனை செய்தார். இன்று என்ன கிழமை, மூன்று சொல்லைத் திரும்பச் சொல், ஒரு கடிகாரம் வரைந்து காட்டு. எல்லாம் சரியாகச் செய்தேன். "பாருங்கள், ஒன்றுமில்லை" என்று சிரித்தார். சந்தோஷப்பட வேண்டும்தான். ஏனோ வெளியே வந்து அழுதேன்.

கடைசிபெஞ்ச்:
அந்தச் சோதனையில் எங்கள் தெருவில் எல்லோரும் தேறிவிடுவார்கள். அது டிமென்ஷியா பிடிக்கிற வலை, உங்கள் மீன் அதில் சிக்காது. (நான் கீமோதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சோதனை சரியில்லை என்கிறேன், அவ்வளவுதான்.)

ஆய்வகஎலி:
கடைசிபெஞ்சோடு ஒத்துப்போகிற அபூர்வ தருணம்.

நூல்முனை, இரட்டையர் கதை ஒன்று உண்டு, உங்களுக்காகவே நடந்தது போல. ஒரே கருவில் பிறந்த, அச்சு அசலான இரட்டைச் சகோதரிகள், வயது 60. ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ எடுத்தார், மற்றவருக்கு நோயே இல்லை. 2007ல் இருவரையும் ஒப்பிட்டு எழுதினார்கள். கீமோ எடுத்தவர் நிறைய மறதியைச் சொன்னார். நரம்பு உளவியல் சோதனையில் இருவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே நினைவுப் பயிற்சி கொடுத்தபோது, கீமோ எடுத்தவரின் மூளையில் சகோதரியை விட விரிந்த பரப்பு வேலை செய்தது. மதிப்பெண் அதே, உழைப்பு அதிகம். ஒரே ஒரு ஜோடிதான், அதை வைத்து எல்லாவற்றையும் நிறுவ முடியாது. ஆனால் இரவுப்பணி மேலே "முடித்ததும் ஆள் காலி" என்று எழுதினாரே, அதை இதைவிட நேராகக் காட்டுகிற படம் எனக்குத் தெரியாது.

இரவுப்பணி:
இதை அச்செடுத்து என் மேலாளர் மேசையில் வைக்கலாம் போலிருக்கிறது.

சரி, நடைமுறையில் எனக்கு உதவியதைச் சொல்கிறேன். தலை தெளிவாக இருக்கும் நேரம் எது என்று பார்த்தேன், எனக்கு விடிகாலை. கடினமான நிரல் எல்லாம் அப்போது. கூட்டங்கள் மதியத்துக்கு மேல், அதுவும் எழுத்தில் குறிப்பு அனுப்பினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே குறிப்பேடு. முன்பு நாலு செயலியில் நாலு பட்டியல் வைத்து, எதில் எழுதினேன் என்பதையே மறந்தேன். அறிவிப்பு ஒலி எல்லாம் அணைத்தாயிற்று. நடுவில் யாராவது கூப்பிட்டால், எழுந்துபோகும் முன் "அடுத்து இதைச் செய்ய வேண்டும்" என்று ஒரு வரி தட்டிவிட்டுத்தான் போகிறேன். தினமும் வேர்க்க வேர்க்க நடக்கிறேன். நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

நூல்முனை:
அந்த ஒரு வரி யோசனை எனக்குப் பயன்படும். மூளைப் பயிற்சிச் செயலிகள், நினைவாற்றல் மாத்திரை என்று விளம்பரம் துரத்துகிறதே, அவை?

ஆய்வகஎலி:
மாத்திரைகளில் இதுவரை கையை நீட்டிப் பரிந்துரைக்கிற மாதிரி ஒன்று இல்லை. ஊக்க மருந்துகளைச் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. கணினிப் பயிற்சிக்கு ஆஸ்திரேலியாவில் 242 பேரிடம் செய்த ஆய்வு 2017ல் வந்தது. வீட்டிலிருந்தே 15 வாரம் பயிற்சி செய்தவர்கள் மறதித் தொந்தரவு குறைந்ததாகச் சொன்னார்கள். சோதனை மதிப்பெண்ணில் மாற்றம் தெரியவில்லை. பிடித்திருந்தால் செய்யுங்கள், கடன் வாங்கிச் செய்யாதீர்கள். உடற்பயிற்சிக்கும், ஈடுகட்டும் உத்திகளைக் கற்றுத்தரும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும்தான் நான் ஓட்டு போடுவேன்.

இது டிமென்ஷியாவாக மாறுமா என்று கேட்க நினைப்பவர்களுக்கு: பெரிய மக்கள்தொகை ஆய்வுகளில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அல்சைமர் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஏன் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அல்சைமர் அபாயத்தைக் கூட்டுகிற ஏ.பி.ஓ.இ.4 மரபணு உள்ளவர்களும் வயது கூடியவர்களும் மட்டும் கீமோவால் கொஞ்சம் அதிகம் பாதிக்கப்படலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

நூல்முனை, முழுமையான நரம்பு உளவியல் பரிசோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். கிழமை கேட்கிற ஐந்து நிமிடச் சோதனை அல்ல, சில மணி நேரம் நடப்பது.

நூல்முனை:
கேட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம். என்ன செய்யச் சொல்வார்கள்?

ஆய்வகஎலி:
2011ல் பன்னாட்டுக் குழு ஒன்று மூன்று வகைச் சோதனையாவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சொற்பட்டியல் ஒன்றை வாசித்து உடனேயும் கொஞ்ச நேரம் கழித்தும் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி வரிசையாகக் கோடு போட்டு இணைக்கச் சொல்வார்கள், நேரம் பார்ப்பார்கள். ஒரு எழுத்தைக் கொடுத்து, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் முடிந்தவரை சொல்லச் சொல்வார்கள். உங்கள் படிப்பையும் தொழிலையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெய்ப்புத் திருத்துபவரின் "சராசரி" மதிப்பெண் அவருக்குச் சரிவாகவே இருக்கலாம்.

பழைய_செவிலி:
காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். முந்தின ராத்திரி தூக்க மாத்திரை போட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள், பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். முடிந்தால் உங்களோடு வேலை செய்கிற யாரையாவது கூட்டிப் போங்கள். நீங்கள் மாறியதை அவர்கள் வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள்.